பாயிண்ட்ஸ்ல மாலத்தீவு போக ஆசை, ஆனா கார்டுல பாக்கி நிக்குது: கோவை வாசகிக்கு பதில்

கடிதத்தோட சுருக்கம்

கோவையில இருந்து ஒரு வாசகி நீளமா எழுதியிருக்காங்க, அடையாளம் தெரியாத மாதிரி சுருக்கி போடுறேன். வயசு 35, ஐடி கம்பெனியில டெஸ்டிங் லீட், கைக்கு வர்ற சம்பளம் 82,000. கணவர் மோட்டார் பம்ப் கம்பெனியில இருக்கார், எட்டு வயசுல ஒரு பொண்ணு. அடுத்த பிப்ரவரியோட கல்யாணமாகி 10 வருஷம் முடியுது. கூட வேலை பாக்குற தோழி ஒருத்தங்க கார்டு பாயிண்ட்ஸ்லயே மாலத்தீவு போய் கடல் மேல இருக்குற வில்லாவுல தங்கிட்டு வந்து "ரூமுக்கு ஒத்த ரூபா கட்டலை"ன்னு சொன்னதுல இருந்து இவங்களுக்கும் அந்த ஆசை.

ரெண்டு கார்டு இருக்கு. ஒண்ணு லைஃப்டைம் ஃப்ரீ, அதுல பாக்கி எதுவும் இல்லை. இன்னொண்ணு வருஷம் 5,000 ஃபீஸ் கட்டுற ட்ராவல் கார்டு, லிமிட் 3 லட்சம், 100 ரூபாய்க்கு 2 பாயிண்ட்ஸ். பாயிண்ட்ஸ் சேரணும்னு வீட்டு செலவு 60,000, கொழுந்தனாரோட எலக்ட்ரிக்கல் கடைக்கு சரக்கு எடுக்குறது 40,000, ஆக மாசம் 1 லட்சம் அந்த கார்டுல தான் போகுது. தீபாவளி சமயத்துல கொழுந்தனார் எடுத்த 1,10,000 திரும்பி வரலை, அதோட ஏசி, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் சேர்ந்து 1,84,000 பாக்கி நிக்குது. மாசம் 1,10,000 கட்டியும் குறைய மாட்டேங்குதுன்னு எழுதியிருக்காங்க. கையில 58,000 பாயிண்ட்ஸ் இருக்கு. ஃப்ளைட், ஹோட்டலுக்குன்னா ஒரு பாயிண்ட் 1 ரூபாய், பில்லுல கழிச்சா 25 பைசா. அடுத்த வருஷம் ஹவுசிங் லோன் போடுற யோசனையும் இருக்கு. பாக்கி விஷயம் கணவருக்கு இன்னும் தெரியாது.

அவங்க கேக்குறது இதுதான். பாயிண்ட்ஸை வித்து பாக்கியை அடைக்கலாமா, இல்ல 12,500 ஃபீஸ்ல இன்னொரு பெரிய கார்டு வாங்கி சீக்கிரம் பாயிண்ட்ஸ் சேர்த்து பிப்ரவரியில கிளம்பிடலாமா, தெரிஞ்ச கடையில கார்டை தேச்சு கேஷா வாங்கி பழைய பில்லை கட்டினா 2 சதவீதம் தானே போகும் அது பரவாயில்லையா, 30 சதவீதத்துக்கு மேல வட்டி வாங்கக்கூடாதுன்னு சட்டம் இருக்காமே அதை வச்சு பேங்க்கை கேக்க முடியுமா.

என் பதில்

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன்மா, மாலத்தீவு போகணும்னு ஆசைப்படுறதுல ஒரு தப்பும் இல்லை. பத்து வருஷம் வேலையும் வீடும் குழந்தையுமா ஓடினவங்க நாலு நாள் நல்லா இருக்கணும்னு நினைக்கிறதுக்கு யார்கிட்டயும் சாக்கு சொல்ல வேண்டியதில்ல. பாயிண்ட்ஸ்ல பெரிய ஹோட்டல்ல தங்க முடியும்ங்கறதும் உண்மைதான், உங்க தோழி பொய் சொல்லலை. ஆனா பில்லை முழுசா கட்டுறவங்களுக்குத்தான் பாயிண்ட்ஸ் லாபம். பாக்கி வச்சு ஓட்டுறவங்க கட்டுற வட்டியில இருந்து கூட தான் பேங்க் மத்தவங்களுக்கு இந்த சலுகையெல்லாம் குடுக்குது. இப்போதைக்கு உங்க தோழி வாங்குற பக்கம் இருக்காங்க, நீங்க குடுக்குற பக்கம் இருக்கீங்க. உங்களை இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கத்துக்கு மாத்துறதுக்கு என்ன வழின்னு தான் இதை எழுதுறேன்.

அந்த 10,000 எங்க போகுது

உங்க லெட்டர்லயே விடை இருக்கு. மாசம் 1 லட்சம் தேய்க்கிறீங்க, 1,10,000 கட்டுறீங்க, அப்போ மாசம் 10,000 குறையணும்ல, ஏன் குறையலை? நீங்க எழுதின வட்டி மாசத்துக்கு 3.75 சதவீதம். 1,84,000க்கு வட்டி 6,900, அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,242, மொத்தம் 8,142 ரூபாய் ஒரு மாசத்துக்கு.

மீதியையும் சொல்றேன், ஏன்னா இங்கதான் நீங்க ஒண்ணை மாத்தி புரிஞ்சு வச்சிருக்கீங்க. "பழைய பாக்கிக்கு மட்டும்தானே வட்டி, புதுசா தேய்க்கிறதுக்கு 45 நாள் டைம் இருக்கே"ன்னு எழுதியிருக்கீங்க. இல்லம்மா. அந்த வட்டியில்லாத நாள் எல்லாம் போன பில்லை முழுசா கட்டினவங்களுக்கு மட்டும்தான். 1 ரூபாய் பாக்கி வச்சாலும் அடுத்த மாசம் மளிகைக்கடையில தேய்க்கிற 800 ரூபாய்க்கு கூட தேய்ச்ச நாள்ல இருந்தே வட்டி ஓட ஆரம்பிச்சுடும். மினிமம் டியூ, அதாவது பில்லுல குறைஞ்சபட்சம் கட்டச் சொல்ற தொகை, அதுக்கு மேல கட்டினாலும் இதே கதைதான், மினிமம் டியூ கட்டுறது லேட் ஃபீஸ் வராம இருக்கவும் நம்ம கடன் வரலாறு பதிவாகுற சிபில்ல டிஃபால்ட்னு (கட்டத் தவறினவர்னு) விழாம இருக்கவும் மட்டும்தான் உதவும். நீங்க மாசம் பூரா பரவலா தேய்க்கிற 1 லட்சத்துக்கு சராசரியா அரை மாச வட்டின்னு வச்சா கூட ஜிஎஸ்டியோட 2,200 சொச்சம் வரும். 8,142ஐயும் இதையும் கூட்டிப் பாருங்க, உங்க 10,000 எங்க போச்சுன்னு தெரிஞ்சுடும்.

இப்போ அதே 1 லட்சத்துக்கு உங்களுக்கு எத்தனை பாயிண்ட்ஸ் வருது? 2,000. அதோட மதிப்பு ரொம்ப நல்லா யூஸ் பண்ணா 2,000 ரூபாய். அதாவது புதுசா தேய்க்கிற காசுக்கு வர்ற பாயிண்ட்ஸ், அந்த காசுக்கு விழுற வட்டிக்கே பத்தலை, பழைய பாக்கியோட 8,142 தனியா போயிட்டு இருக்கு. இந்த நிலைமையில அந்த கார்டுல பாயிண்ட்ஸ் சேர்க்குறதுங்கறது மாசாமாசம் நஷ்டம்தான், அதுல எனக்கு ரெண்டாவது அபிப்பிராயமே இல்லை.

வட்டிக்கு 30 சதவீத வரம்பு இருக்குன்னு நீங்க கேள்விப்பட்டது ஒரு காலத்துல இருந்தது தான். 2008ல தேசிய நுகர்வோர் ஆணையம் அப்படி ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. அதனால 45 சதவீத வட்டியை சட்டத்தை காட்டி குறைக்க முடியாது, சீக்கிரம் கடனை அந்த கார்டுல இருந்து வெளிய எடுக்குறது தான் வழி.

இன்னைக்கே பண்ண வேண்டியது, அந்த ட்ராவல் கார்டை தேய்க்கிறதை நிறுத்துங்க. யூபிஐ ஆப், ஷாப்பிங் ஆப், கரண்ட் பில் ஆட்டோபே எல்லாத்துலயும் சேவ் பண்ணி வச்சிருப்பீங்க, அங்கிருந்தும் எடுத்துடுங்க, இல்லன்னா கை அதுவா அங்க போகும். வீட்டு செலவுக்கு பாக்கி இல்லாத அந்த லைஃப்டைம் ஃப்ரீ கார்டை யூஸ் பண்ணுங்க, அதுல பழைய பாக்கி இல்லாததால வட்டியில்லாத நாள் முழுசா கிடைக்கும், அதோட பில்லை மட்டும் எந்த காரணத்துக்காகவும் ஒரு ரூபாய் பாக்கி இல்லாம கட்டணும். பாயிண்ட்ஸ் கம்மியா வரும், வரட்டும்.

கொழுந்தனார் கணக்கு

இதுல நீங்க தயங்கித் தயங்கி எழுதியிருக்கீங்க, "தம்பி மாதிரி, எப்படி கேக்குறது"ன்னு. அந்த தயக்கம் எனக்கு நல்லா புரியுது, ஆனா பேங்க்கைப் பொறுத்தவரை தம்பி யாருன்னே தெரியாது, கார்டு யார் பேர்ல இருக்கோ கடன் அவங்களுது. அவர் கட்டலைன்னா உங்க சிபில் தான் அடி வாங்கும்.

அதைவிட நான் கவலைப்படுறது வேற. ஒரு வருஷத்துல கிரெடிட் கார்டு பில்லுக்குன்னு நீங்க கட்டின தொகை 10 லட்சத்தை தொட்டா பேங்க் அதை வருமான வரித்துறைக்கு சொல்லியே ஆகணும், கேஷா கட்டினா 1 லட்சத்துக்கே சொல்லணும், அது உங்க ஏஐஎஸ்ல, அதாவது வருமான வரித்துறை உங்க பேர்ல வச்சிருக்குற வருஷாந்தர தகவல் அறிக்கையில, வந்து நிக்கும். உங்க சம்பளம் வருஷத்துக்கு 9,84,000, நீங்க கார்டுக்கு கட்டுறது 13,20,000. சம்பளத்தை விட கார்டு பில் பெருசா இருந்தா மிச்சம் எங்கிருந்து வந்துச்சுன்னு கேள்வி வரத்தான் செய்யும். கொழுந்தனார் கையில கேஷா குடுத்து நீங்க கட்டியிருந்தா பதில் சொல்றது கஷ்டம், அவர் அக்கவுண்ட்ல இருந்து உங்க அக்கவுண்ட்டுக்கு வந்திருந்தா ஸ்டேட்மென்ட்டை காட்டிடலாம். இதுவரைக்கும் எப்படி வந்துச்சுன்னு ஒரு தடவை எடுத்துப் பாருங்க. அதோட நிறைய பேங்க்ல பர்சனல் கார்டை வியாபாரத்துக்கு யூஸ் பண்ணக்கூடாதுன்னு ரூல் இருக்கு, ஒரே மொத்த வியாபாரி கிட்ட மாசாமாசம் பெரிய தொகை போறதை பாத்தா பாயிண்ட்ஸை திரும்ப எடுத்துக்கவும் கார்டை முடக்கவும் அவங்களுக்கு இடம் இருக்கு. பாயிண்ட்ஸ் நம்ம சொத்துன்னு நினைக்கிறோம், ஆனா நம்ம கையெழுத்து போட்ட பேப்பர்ல அப்படி இருக்காது, அது பேங்க் குடுக்குற சலுகை, மாத்துற உரிமையை அவங்க கையிலயே வச்சிருப்பாங்க.

அதனால கடைக்கு சரக்கு எடுக்க கார்டு குடுக்குறதை இதோட நிறுத்துங்க. கடை நடத்துறவருக்கு பேங்க்ல ஓவர்டிராஃப்ட், முத்ரா லோன்னு அவர் பேர்லயே வழி இருக்கு, அதுதான் அவருக்கும் நல்லது. பழைய 1,10,000க்கு "தம்பி, இந்த மாசம் 50,000 குடுத்துடுங்க, மீதி 60,000 மாசம் 10,000 வீதம் ஆறு மாசம்"னு தொகையும் தேதியும் போட்டு பேசிட்டு அதையே வாட்ஸப்ல மெசேஜா போட்டு அவர்கிட்ட "சரி அண்ணி"ன்னு ஒரு பதில் வாங்கி வச்சுக்கோங்க. எழுத்துல இருந்தா நாளைக்கு மனஸ்தாபம் வராது.

கார்டை தேச்சு கேஷ் வாங்குற யோசனையை விட்டுடுங்க. கடைக்காரர் பொருளே விக்காம பில் போடுறது அவர் பேங்க்கோட போட்ட ஒப்பந்தத்துக்கு விரோதம், உங்க கார்டு ரூலுக்கும் விரோதம். 2 சதவீதம் ஒரு தடவை போறதில்ல, ஒவ்வொரு மாசமும் போகும், கடன் அதே இடத்துல தான் இருக்கும். முன்னாடி வீட்டு வாடகையை கார்டுல கட்டி பாயிண்ட்ஸ் சேர்த்தாங்க நிறைய பேர், பேங்க் எல்லாம் அதுக்கு 1 சதவீத சார்ஜ் போட்டு பாயிண்ட்ஸை நிறுத்துச்சு, 2025 செப்டம்பர்ல ரிசர்வ் பேங்க் புது விதி கொண்டு வந்ததும் பல ஆப்ல அந்த வசதியே போயிடுச்சு. குறுக்கு வழி ஒவ்வொண்ணா அடைச்சுக்கிட்டு தான் வர்றாங்க.

58,000 பாயிண்ட்ஸை என்ன பண்றது

பில்லுல கழிச்சா 25 பைசா வீதம் 14,500 கிடைக்கும். அவசரத்துல அப்படி பண்ணிடாதீங்க, 58,000 ரூபாய் மதிப்பை கால்வாசிக்கு குடுக்குற மாதிரி ஆகும். நீங்க போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, மே மாசம் டெல்லியில அக்கா வீட்டுக்கு மூணு பேர் போகணும், டிக்கெட்டுக்கு 36,000 எடுத்து வச்சிருக்கோம்னு. அங்க இருக்கு உங்களுக்கு வழி. அந்த டிக்கெட்டை பாயிண்ட்ஸ்ல போடுங்க, எடுத்து வச்ச 36,000 ரொக்கத்தை அப்படியே கார்டு பாக்கிக்கு கட்டுங்க. எப்படியும் செலவாகப் போற காசுக்கு பதிலா பாயிண்ட்ஸ் போறதால ஒரு பாயிண்ட்டுக்கு முழுசா 1 ரூபாய் கிடைக்குது. போடுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் மட்டும் பாத்துக்கோங்க. பேங்க் போர்ட்டல்ல காட்டுற விலையும் ஏர்லைன் சைட்ல காட்டுற விலையும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, பல நேரம் போர்ட்டல்ல கூட இருக்கும். சில கார்டுல மொத்த தொகையில 70 சதவீதம் தான் பாயிண்ட்ஸ்ல கட்ட முடியும், உங்களுதுல எவ்வளவுன்னு பாத்துக்கோங்க.

இப்போ கணக்கை பாருங்க. 1,84,000ல டிக்கெட் காசு 36,000, தம்பி குடுக்குற 50,000 போனா நிக்கிறது 98,000. இதுக்கு கார்டுலயே விட்டா மாசம் 4,300க்கு மேல வட்டி. பீரோவுல சும்மா இருக்குற நகையில கொஞ்சத்தை பேங்க்ல வச்சு நகைக்கடன் எடுத்து ஒரே அடியா கார்டை ஜீரோ பண்ணிட்டீங்கன்னா, வருஷத்துக்கு 10 சதவீதம்னு வச்சா கூட மாசம் 820 ரூபாய் தான் வட்டி. நகை வைக்க மனசு வரலைன்னா பாக்கியை இஎம்ஐயா மாத்தித் தரச் சொல்லி பேங்க்லயே கேளுங்க, நகைக்கடனை விட வட்டி கூட இருக்கும், ப்ராசஸிங் ஃபீஸும் வட்டிக்கு ஜிஎஸ்டியும் வரும், ஆனாலும் 45 சதவீதத்துக்கு அது எவ்வளவோ தேவலை. ஏற்கனவே வீணா போயிட்டு இருந்த 10,000த்தோட இன்னும் 4,000 சேர்த்து மாசம் 14,000 கட்டினா எட்டு மாசத்துக்குள்ள முடிஞ்சிடும், தம்பி குடுக்குற 10,000மும் சேர்ந்தா இன்னும் சீக்கிரம். ஒரே ஒரு நிபந்தனை, நகைக்கடன் கார்டை அடைக்க மட்டும்தான், டூருக்கு ஒரு ரூபாய் கூட அதுல எடுக்கக்கூடாது.

மீதி 22,000 பாயிண்ட்ஸை வச்சிருங்க. கார்டை க்ளோஸ் பண்ணணும்னு பின்னாடி முடிவு பண்ணா அதுக்கு முன்னாடி பாயிண்ட்ஸை யூஸ் பண்ணிடணும், க்ளோஸ் பண்ணதும் பெரும்பாலும் அழிஞ்சிடும். பாக்கி இல்லாம க்ளோஸ் பண்ணச் சொல்லி எழுதிக் குடுத்தா 7 வேலை நாள்ல பேங்க் முடிச்சுக் குடுக்கணும், தாமதமானா ஒரு நாளைக்கு 500 ரூபாய் உங்களுக்கு குடுக்கணும்னு 2022ல இருந்து ரிசர்வ் பேங்க் விதி இருக்கு. இழுத்தடிச்சா பேங்க்ல எழுத்துல புகார் குடுத்து 30 நாள் பாருங்க, பதில் சரியில்லைன்னா பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேனுக்கு போகலாம், காசு எதுவும் கட்ட வேண்டாம்.

மூணாவது கார்டு வேண்டாம்

12,500 ஃபீஸ், ஜிஎஸ்டியோட 14,750. சேர்ந்ததும் 12,500 பாயிண்ட்ஸ் தர்றாங்கன்னு எழுதியிருக்கீங்க, அதாவது நம்ம காசை நமக்கே பாயிண்ட்ஸா திருப்பித் தர்றாங்க, ஜிஎஸ்டி 2,250 போக. மாசம் 2, 3 லட்சம் சொந்த செலவு இருக்குறவங்களுக்கு அந்த மாதிரி கார்டு பொருந்தும். உங்க தோழியோட செலவு என்ன, அவங்க கணவருக்கு ஆபீஸ் பயணம் எவ்வளவு, எத்தனை வருஷமா சேர்த்தாங்கன்னு நமக்குத் தெரியாது, போட்டோவுல அதெல்லாம் வராது.

இன்னொண்ணு, ஹவுசிங் லோன். இப்போ உங்க 3 லட்சம் லிமிட்ல 1,84,000 நிக்குது, 61 சதவீதம். 30 சதவீதத்துக்குள்ள இருக்குறது நல்லதுன்னு பொதுவா சொல்லுவாங்க. அது மேல புது கார்டுக்கு அப்ளை பண்ணா, புதுசா கடன் கேட்டிருக்கீங்கன்னு சிபில்ல ஒரு என்கொயரி விழும். ஹவுசிங் லோன்ல அரை சதவீத வட்டி கூடினாலும் 20 வருஷத்துக்கு லட்சக்கணக்குல போகும், அதுக்கு முன்னாடி எந்த பாயிண்ட்ஸும் நிக்காது. நல்ல சேதி என்னன்னா 2025 ஜனவரியில இருந்து பேங்க் எல்லாம் 15 நாளுக்கு ஒரு தடவையாவது சிபில்ல அப்டேட் பண்ணணும், அதனால பாக்கியை அடைச்சதும் ஸ்கோர்ல சீக்கிரமே தெரியும். வருஷத்துக்கு ஒரு ரிப்போர்ட் இலவசம், எடுத்துப் பாத்துக்கோங்க.

மாலத்தீவுக்கு ரூம் ஃப்ரீன்னா மீதி என்ன ஆகும்

சரி, கடன் முடிஞ்சுதுன்னு வச்சுக்குவோம், இப்போ சந்தோஷமான விஷயத்துக்கு வருவோம். மாலத்தீவுல ரூமுக்கு பாயிண்ட்ஸ் குடுத்தாலும் கையில இருந்து போற காசு நிறைய இருக்கு, இதை முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு போறவங்க தான் நிம்மதியா இருந்துட்டு வர்றாங்க.

தூரத்து தீவுன்னா சீப்ளேன்ல தான் போகணும், போக வர ஒரு ஆளுக்கு 400ல இருந்து 600 டாலர் சகஜம், குழந்தைக்கு குறைவா இருக்கும், உங்க மூணு பேருக்கு 1,000 டாலரை சுலபமா தாண்டிடும். பாயிண்ட்ஸ்ல ரூம் போட்டாலும் இது தனி. சீப்ளேன் பகல் வெளிச்சத்துல மட்டும்தான் பறக்கும், சாயங்காலம் தலைநகர் மாலேல போய் இறங்குற ஃப்ளைட்ட புக் பண்ணீங்கன்னா ஒரு ராத்திரி அங்கயே ரூம் போட்டு தங்கணும், விலை கம்மின்னு அந்த டிக்கெட்டை எடுத்து மாட்டிக்கிறவங்க உண்டு. 2025 ஜனவரியில இருந்து ரிசார்ட்டுல ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர் க்ரீன் டாக்ஸ், மூணு பேர் மூணு ராத்திரின்னா 108 டாலர். சாப்பாடு தான் பெரிய செலவு, தீவுல வேற கடை கிடையாது. மெனுவுல 100 டாலர்னு இருந்தா அது மேல 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அது மேல 17 சதவீதம் வரின்னு சேர்ந்து பில் 128.70 டாலரா வரும். அதை நம்ம ஊர் கார்டுல தேய்ச்சா பல கார்டுல வெளிநாட்டு பணத்துல கட்டுறதுக்கு பேங்க் எடுக்குற ஃபாரெக்ஸ் மார்க்கப் 3.5 சதவீதம், அதுக்கு ஜிஎஸ்டி, ரெண்டும் சேர்ந்து 4 சதவீதத்துக்கு மேல ஏறும். மெஷின்ல "ரூபாயில கட்டுறீங்களா"ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லிடுங்க, அந்த ரேட் இன்னும் மோசமா இருக்கும்.

அதனால உங்க இடத்துல நானா இருந்தா பாக்குற வழி வேற. ஏர்போர்ட்ல இருந்து ஸ்பீட்போட்ல போற தூரத்துல இருக்குற ரிசார்ட்டா பாருங்க, சீப்ளேன் காசு மிச்சம். ரெண்டு ராத்திரி மட்டும் ரிசார்ட்ல, அதுலயும் சாப்பாடு சேர்ந்த பேக்கேஜா எடுங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு ராத்திரி மாஃபுஷி மாதிரி ஜனங்க வாழுற தீவுல கெஸ்ட் ஹவுஸ்ல தங்குங்க, அதே கடல், அதே மீன் கறி, செலவு பல மடங்கு குறைவு, சின்ன கெஸ்ட் ஹவுஸ்னா க்ரீன் டாக்ஸும் பாதி. பிப்ரவரி அங்க உச்ச சீசன், பாயிண்ட்ஸுக்கு ரூம் கிடைக்குறதே கஷ்டம். கல்யாண நாளை பிப்ரவரியில வீட்டுல கொண்டாடிட்டு, பாப்பாவுக்கு பரீட்சை முடிஞ்சு ஏப்ரல் கடைசியில கிளம்பினா விலை இறங்க ஆரம்பிச்சிருக்கும், மழை ஆரம்பிக்கிற சமயம்ங்கறதால ஒண்ணு ரெண்டு நாள் நனையலாம், அதை ஏத்துக்க முடியுமான்னு வீட்டுல பேசிக்கோங்க. இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு போய் இறங்குனதும் இலவசமா விசா, அந்த செலவு இல்லை.

ஏர்லைனுக்கோ ஹோட்டலுக்கோ பாயிண்ட்ஸை மாத்தும்போது ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, மாத்தினா திரும்ப வராது. ரூம் இருக்கு, சீட் இருக்குன்னு தேதியோட கண்ணால பாத்த அப்புறம் தான் மாத்தணும். எந்த ரூமையும் "75,000 மதிப்பு"ன்னு விளம்பரத்துல பாத்து கணக்கு போடாதீங்க, காசா குடுக்கணும்னா அந்த ரூமுக்கு நீங்க எவ்வளவு குடுப்பீங்களோ அதுதான் உங்களுக்கு மதிப்பு. 20,000க்கு மேல குடுக்க மாட்டோம்னா அது 20,000 தான்.

ரொம்ப நாள் சேர்த்து வைக்கவும் வேண்டாம். 2023 செப்டம்பர்ல ஆக்சிஸ் பேங்க்கோட மேக்னஸ் கார்டுல 5 பாயிண்ட்டுக்கு 4 மைல்னு (ஏர்லைன்ல டிக்கெட் எடுக்க உதவுற பாயிண்ட்) இருந்ததை 5க்கு 2ன்னு குறைச்சாங்க, மாசம் 1 லட்சம் செலவுக்கு வந்துட்டு இருந்த 25,000 போனஸ் பாயிண்ட்ஸையும் எடுத்துட்டாங்க. லட்சக்கணக்குல சேர்த்து வச்சிருந்தவங்களுக்கு மைல்ஸ் பாதியாச்சு. பாயிண்ட்ஸுக்கு வட்டி கிடையாது, நாள் ஆக ஆக மதிப்பு குறையுமே தவிர கூடாது. போற பயணத்துக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு சேர்ந்ததும் எடுத்துடுங்க.

கடன் முடிஞ்ச மாசத்துல இருந்து அதே 14,000த்தை தனியா ஒரு ஆர்டியில போட்டுட்டு வாங்க. வழி செலவு, சாப்பாடு எல்லாம் அதுல இருந்து போகணும், ரூம்ல ஒரு பகுதிக்கு மட்டும் பாயிண்ட்ஸ். ஆர்டியில சேர்ந்தது பத்தலைன்னா அந்த வருஷம் குமரகமோ மகாபலிபுரமோ போய் ஒரு நல்ல ரிசார்ட்ல ரெண்டு நாள் தங்குங்க, 22,000 பாயிண்ட்ஸ் அங்க நிறைய தாங்கும்.

கணவர்கிட்ட சொல்றது

கடைசியா கேட்டிருக்கீங்க, எல்லாத்தையும் அடைச்சுட்டு அப்புறம் அவர்கிட்ட சொல்லலாமான்னு. இப்பவே சொல்லுங்கம்மா, கொழுந்தனார்கிட்ட பேசுறதுக்கு முன்னாடியே சொல்லுங்க. அவரோட தம்பி, காசு விஷயம் தம்பி வாயில இருந்து முதல்ல அவர் காதுக்கு போனா விஷயமே வேற மாதிரி ஆயிடும். ஹவுசிங் லோன் ரெண்டு பேர் சேர்ந்து போடுறதா இருந்தா பேங்க் உங்க ரிப்போர்ட்டை எடுக்கும்போது எப்படியும் தெரியவரும். நகை வைக்கணும்னாலும் அவருக்குத் தெரியாம வைக்கிறது நல்லதில்ல. நீங்க இந்தக் காசை ஊதாரித்தனமா செலவழிக்கலை, பாதிக்கு மேல குடும்பத்துக்காக குடுத்தது, அதனால தலை குனிஞ்சு பேச வேண்டிய அவசியம் இல்லை. ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பாப்பா விளையாடப் போன நேரமா பாத்து, கடைசி மூணு மாச கார்டு ஸ்டேட்மென்ட், தம்பிக்கு எடுத்த சரக்கோட லிஸ்ட், மேல போட்ட 98,000 கணக்கு இது மூணையும் எடுத்து வச்சுக்கிட்டு உக்காருங்க. தம்பிகிட்ட யார் பேசுறதுங்கறதை அன்னைக்கே ரெண்டு பேரும் முடிவு பண்ணிடுங்க, அவர் பேசினா இன்னும் நல்லது.